மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள்



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்கானவை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. ஆபரேஷன் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஓரளவு கைகொடுக்கிறது. அரசு மருத்துவமனை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் ஒருமுறை சேர்ந்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் மேசைக்கு மாதந்தோறும் வந்து சேர்வது மாத்திரை பில்தான். சர்க்கரை, பிரஷர், கொலஸ்டிரால், தைராய்டு, வாயு. கிளினிக்கில் படுக்காமல் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீட்டு அட்டை செல்லாது. முடிவில்லாத செலவு. மஞ்சள் பையில் பில்லையும் சீட்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் வந்து நிற்கும் வயதானவர்களைப் பார்க்கும்போது, பில்லை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடத்தான் மனம் சொல்லும். பல ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்தேன். அது தவறு என்று எனக்குப் புரிந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. நம் ஊர் கிளினிக் ஒன்றில் காட்டிக்கொண்டிருந்தார். கால் எரிச்சல் அதிகமாகிறது என்று மதுரைக்கு அழைத்துப்போனோம். அங்கே பெரிய டாக்டர் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாமி இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார். “அது நம்ம ஊரு மாத்திரை, இது மதுரை மாத்திரை” என்பது அவர் கணக்கு. ஒன்று வெள்ளை அட்டை, இன்னொன்று பச்சை அட்டை. பெயரும் வேறு வேறு. மூன்றாம் நாள் ஃபஜ்ரு தொழுகைக்கு எழுந்தவர் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சுக் குழறி, முஸல்லாவிலேயே சாய்ந்துவிட்டார். வாதம் என்றுதான் நாங்கள் பயந்தோம். அரசு மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்ததும் சர்க்கரை ஏறியிருக்கவில்லை, பாதாளத்துக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அன்று டூட்டியில் இருந்த இளம் டாக்டர் இரண்டு அட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஐயா, நீங்க படிச்சவங்கதானே, இதைப் படிங்க” என்றார். இரண்டிலும் ஒரே எழுத்துகள்தான்: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின். ஒரே மருந்து, இரண்டு கம்பெனிப் பெயர். கிளிமிபிரைடு என்பது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுகிற மருந்து. அளவு இரட்டிப்பானால், அதுவும் வயதானவர்களுக்கு, சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். அதன் வேகம் மணிக்கணக்கில் நீடிக்கும் என்பதால், கண் விழித்தபிறகும் ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். மதரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்து, அறக்கட்டளையின் கணக்கை எழுதும் நான், இரண்டு பில்லையும் என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பெயர்களைப் பற்றியது.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மூலப் பெயர் உண்டு. உலகின் பெரும்பாலான நாடுகளில் அது ஒன்றுதான். அதே மருந்தைத் தயாரிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்குக்கு ஒரு விற்பனைப் பெயர் வைத்துக்கொள்கிறது. நம்மில் சிங்கப்பூர், மலேசியா சென்று வருபவர்கள் கோடாலித் தைலத்தோடு பனடால் அட்டையும் வாங்கி வந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வாங்கியவர்கள் அதைப் பீரோவில் பூட்டி வைத்து, “சிங்கப்பூர் மாத்திரை, காய்ச்சல் உடனே கேட்கும்” என்பார்கள். பனடால் என்பது பாராசிட்டமால். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்களே, அதே வெள்ளை மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலைய மாத்திரையைத் தெருமுனையில் எறிந்துவிட்டுச் சிங்கப்பூர் மாத்திரைக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. பெயர் மாறினால் பொருளே மாறிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

அட்டையில் மூலப் பெயர் இல்லாமல் இல்லை. விற்பனைப் பெயரைவிட மூலப் பெயர் இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018இல் விதியையே திருத்தினார்கள். மூன்றும் அதற்கு மேலும் மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருப்பது விற்பனைப் பெயர்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையை எழுத்தை வைத்து அறிவதில்லை. நிறத்தை வைத்து, வடிவத்தை வைத்து அறிகிறார்கள். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட்டால், அவர்களுக்கு அது புது மருந்து.

இப்போது விலைக்கு வருகிறேன். டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் என்பது நம்மில் மிகப் பலர் பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை. நன்கு அறிமுகமான கம்பெனியின் மாத்திரை பத்து வாங்கினால் எழுபது ரூபாயை ஒட்டி வருகிறது. அதே மருந்து, அதே அளவு, மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பத்து மாத்திரை பதினைந்து ரூபாய்க்குள். நாளைக்கு ஒரு மாத்திரை வீதம் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால், ஒரு பக்கம் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு, மறுபக்கம் சுமார் ஐந்நூறு. இது ஒரே ஒரு மாத்திரைக்கான கணக்கு. நம் மனுதாரர்களில் நாளைக்கு ஆறு ஏழு மாத்திரை சாப்பிடுபவர்கள் பலர். வீட்டில் கணவன், மனைவி இரண்டு பேருக்குமே நோய் என்பதும் சாதாரணம்.

“விலைக்கு அரசு கட்டுப்பாடு இருக்கிறதே” என்று கேட்கலாம். இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை நிர்ணயிக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வெளியான பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. டெல்மிசார்டனும் அதில் உண்டு. ஆனால் அந்த உச்ச விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? மருந்தைத் தயாரிக்க என்ன செலவாகிறது என்று பார்ப்பதில்லை. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் கடைக்காரருக்கு என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்று பார்த்து, அதன் சராசரியை எடுத்து, மேலே கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். சந்தை விலையே உயரமாக இருந்தால், அதன் சராசரி எப்படித் தாழ்ந்திருக்கும்? பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ வருடத்துக்குப் பத்து சதவீதம் வரை விலையை ஏற்றிக்கொள்ளலாம். 2025 செப்டம்பரில் மருந்துக்கான ஜிஎஸ்டியை 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது நல்ல காரியம். ஆனால் ஐந்து மடங்கு வித்தியாசத்தில் ஏழு சதவீதம் எந்த மூலைக்கு?

அந்த ஐந்து மடங்கு எங்கே போகிறது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு சாட்சியாக இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற கம்பெனி ஜின்கோவிட் என்ற சத்து மருந்தைத் தயாரிக்கிறது. அதைப் பிரபலப்படுத்துவதற்காக டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம் என்று கொடுத்த செலவு 4 கோடியே 72 லட்சம் ரூபாய்க்கு மேல். அதை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் தள்ளுபடி செய்தார்கள். டாக்டர்கள் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரிலேயே மருத்துவக் கவுன்சில் தடை விதித்துவிட்டது. வாங்குவது தவறாக இருக்கும்போது கொடுப்பது எப்படி நியாயமான செலவாகும் என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு இடம். இலவசம் என்று கொடுக்கப்படும் இந்தப் பொருள்கள் உண்மையில் இலவசமல்ல. அவற்றின் விலை மருந்தின் விலையில் ஏற்றப்பட்டு நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதாவது, நாம் ஜகாத்திலிருந்தும் ஸதகாவிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. கொடுத்தவர் ஓர் ஏழையின் நோய்க்கென்று நிய்யத் வைத்துக் கொடுக்கிறார். அந்த அமானிதத்தை வாங்கி வைத்திருக்கும் நாங்கள் பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். ஒருவருக்குக் கொடுத்த பணத்தில் நாலு பேருக்கு மருந்து வாங்கியிருக்கலாமே என்று நினைக்கும்போது இரவில் தூக்கம் வருவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் டாக்டர்கள் தலையில் போட்டுவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பல வருடமாக நம் மக்களைப் பார்த்துவரும் டாக்டர் ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. “காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் எழுதி, தண்ணீர் குடிங்க, மூணு நாள்ல சரியாகிடும்னு அனுப்பினா, அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போயிடறாங்க. ஊசி போடலேன்னா ஃபீஸ் எதுக்குன்னு கேக்கறாங்க” என்றார். இதில் பொய் ஏதும் இல்லை. நம் வீடுகளில் “கைராசிக்காரர்” என்று பெயரெடுப்பவர் யார்? போனதும் ஊசி போட்டு, நாலு கலர் மாத்திரையும் ஒரு டானிக்கும் எழுதுபவர். நம் எதிர்பார்ப்பும் அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதுகிறது.

ஒரு சீட்டு நல்ல சீட்டா என்று பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1993இல் ஐந்து அளவுகோல்களைக் கொடுத்தது. ஒருமுறை போனால் எத்தனை மருந்து எழுதப்படுகிறது, அதில் எத்தனை மூலப் பெயரில் எழுதப்படுகிறது, ஆன்டிபயாட்டிக் எத்தனை தடவை, ஊசி எத்தனை தடவை, எழுதியவற்றில் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவை எத்தனை. இதைப் படித்துவிட்டு எங்களிடம் இருந்த பழைய சீட்டுகளை ஒருநாள் அஸருக்குப் பிறகு உட்கார்ந்து புரட்டினேன். நான் டாக்டர் இல்லை, யாருக்கு எது தேவை என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது. மூலப் பெயரில் எழுதிய சீட்டு அநேகமாக இல்லை. எந்த நோய்க்குப் போனாலும் கூடவே ஒரு வாயு மாத்திரை, ஒரு வைட்டமின். சளிக்காய்ச்சலுக்கு மூன்று நாள், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். தனித்தனியே கிடைக்கும் மருந்துகளை ஒன்றாகக் கலந்த கூட்டு மாத்திரைகள் ஏராளம்.

கூட்டு மாத்திரை எல்லாமே கெட்டதல்ல. சில இடங்களில் அது நல்லது. ஆறு மாத்திரை மூன்றாகும், மறக்காமல் சாப்பிடுவார்கள். ஆனால் பலவற்றுக்கு மருத்துவக் காரணமே இல்லை. மத்திய அரசு 2016இல் இப்படிப்பட்ட 344 கூட்டு மருந்துகளையும், 2024 ஆகஸ்டில் இன்னும் 156ஐயும் தடை செய்தது. ஆன்டிபயாட்டிக் விஷயம் வேறு. வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, கிருமி பழகிக்கொண்டு, நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து கேட்காமல் போகும். அட்டையின் பின்னால் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று பொருள். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் நல்ல மனசை இந்த விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. “விலை குறைந்த மருந்து வேலை செய்யுமா, ஹஜ்ரத்?” மலிவானது என்றால் மட்டமானது என்ற எண்ணம் துணியிலும் பாத்திரத்திலும் சரியாக இருக்கலாம். மருந்தில் அப்படியில்லை. இதற்கு ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டாம். நம் மாநிலமே முப்பது வருடமாக அந்த ஆதாரத்தைக் கையில் வைத்திருக்கிறது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அரசு தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் தனித்தனியே மருந்து வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மருந்து காலாவதியாகும், இன்னொரு இடத்தில் “வெளியே வாங்கிக்கோங்க” என்று சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கழகம் வந்தபின் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர். பட்டியல் முழுக்க மூலப் பெயரில். கம்பெனியின் தகுதியைச் சொல்லும் உறை ஒன்று, விலையைச் சொல்லும் உறை ஒன்று. முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். மருந்து கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து, வெளிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரி கழகங்களை அமைத்தன. “தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல” என்று அச்சடித்த அந்த அட்டையை நாம் தர்ம மாத்திரை என்று இளக்காரமாகப் பார்க்கிறோம். தனியார் கடையில் வாங்கும் விலை உயர்ந்த மாத்திரை ஒவ்வொன்றும் இப்படித் தொகுதிக்குத் தொகுதி வெளியாரால் பரிசோதிக்கப்பட்டு நம் கைக்கு வருவதில்லை.

விற்பனைப் பெயர் இருக்கிறது, டாக்டர் எழுதியது என்பது மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 2025 அக்டோபரில் ஒரு கொடுமையான சாட்சி கிடைத்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததை நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோயினர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அது விற்பனைப் பெயரோடு, டாக்டர் சீட்டோடு விற்ற மருந்து. அந்த வகைக் கூட்டு மருந்தை நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லியிருந்தது. சின்னக் குழந்தையின் சாதாரணச் சளிக்குச் சிரப்பே அநேகமாகத் தேவைப்படாது என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

மலிவு மருந்து எல்லாமே தங்கம் என்றும் நான் சொல்லமாட்டேன். தரம் குறைந்தவை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் எல்லா வகையும் வருகிறது. சில நோய்களுக்கு மருந்தின் அளவு நூலிழை மாறினாலும் ஆபத்து: வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் மருந்து. இவற்றில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறுவதென்றால் டாக்டரிடம் கேட்காமல் மாறக்கூடாது. எந்த மருந்தையும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தவும் கூடாது. செலவைச் சமாளிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதாக ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். மாதக் கடைசியில் பில்லும் பிரஷரும் சேர்ந்தே ஏறியதுதான் மிச்சம்.

கடைக்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை. சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், அதற்குப் பதில் அதே மருந்தை வேறு பெயரில் கொடுக்கச் சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை. மருந்து விதிகளில் 65ஆவது விதி அதைச் சொல்கிறது. ஆகவே மாற்றம் சீட்டிலேயே வர வேண்டும். மூலப் பெயரில், புரியும்படி, முடிந்தால் பெரிய ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்தியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 2இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கடுமையாக்கியது. டாக்டர்கள் சங்கத்தின் எதிர்ப்பால் அதே மாதம் 23ஆம் தேதி நிறுத்தி வைத்தது. தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பழைய விதி அப்படியேதான் இருக்கிறது. “டாக்டர், எங்களுக்கு வசதி குறைவு, மூலப் பெயரையும் எழுதிக் கொடுங்க, மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறோம்” என்று பணிவாகக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. நான் கூடப் போய்க் கேட்ட இடங்களில் யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்தார், எழுதியும் கொடுத்தார்.

எங்கே வாங்குவது? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2008இல் தொடங்கிய மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் மூலப் பெயர் மருந்துகளை விற்கின்றன. எல்லா மருந்தும் எப்போதும் இருக்காது. ஒரு வாரம் முன்பாகவே கேட்டு வைப்பது நல்லது. “20 சதவீதம் தள்ளுபடி” என்று பலகை வைத்த கடையைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மேலே அச்சடித்த விலையே பல மடங்காக இருந்தால் அதில் இருபது போனால் என்ன?

நிர்வாகக் குழுவில் பேசி, மருத்துவ உதவி விதியை இப்போது மாற்றியிருக்கிறோம். இனி மாத்திரை பில்லோடு, மூலப் பெயர் எழுதிய சீட்டும் வர வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மருந்துக்கு மலிவு விலையைத்தான் தருவோம். “இந்த நோயாளிக்கு இந்தக் கம்பெனி மருந்துதான் தர வேண்டும்” என்று டாக்டர் எழுதினால், ஒரு கேள்வியும் கேட்காமல் முழுத் தொகையும் தருவோம். இது யாரையும் அலைக்கழிப்பதற்காக அல்ல. சீட்டைத் திரும்ப எழுதி வாங்கக் கூச்சப்படுபவர்களோடு எங்களில் ஒருவர் கூடவே வருவார். பழைய முறையில் ஒப்புக்கொண்ட உதவிகள் மூன்று மாதம் வரை அப்படியே தொடரும். யாரும் அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

ரமளான் நெருங்கும்போது இன்னொன்று. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், அதிலும் கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், நோன்பு வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, எதை ஸஹருக்கு, எதை இஃப்தாருக்கு, எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் மாலை வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். உடனே சர்க்கரையைச் சோதித்து, இறங்கியிருந்தால் நோன்பை முறித்துவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அதற்காகத்தான்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்தில், மருந்தாளுநர் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் இருவர் உட்கார்ந்திருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்கள் மருந்து கொடுக்கமாட்டார்கள், மாற்றவும் மாட்டார்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையின் மூலப் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, எது எதற்கு, எதுவும் இரட்டிப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் தருவார்கள். இரட்டிப்பு இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க அனுப்புவார்கள். என் மாமி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாலும் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார். வருபவர்கள் எல்லா மருந்தையும் கொண்டுவாருங்கள்: மதுரையில் வாங்கியது, இங்கே வாங்கியது, துபாயிலிருந்து வந்தது, நாட்டு மருந்து, எதுவானாலும். அட்டையோடு கொண்டுவர வேண்டும். கடையில் பாதியாக வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிரித்து டப்பாவில் போட்ட மாத்திரையைப் பார்த்து அது என்னவென்று அவர்களால் சொல்ல முடியாது.